கணினி வரையும் படங்கள்: அச்சும் குறிவிளக்கமும்

மலர்க் குழுவினர் என்னிடம், "சார், இந்த வருஷம் உங்க வேலை சம்பந்தமா ஏதாவது எழுதுங்க. எல்லாருக்கும் புரியணும், பிள்ளைங்களுக்கும் பிரயோஜனமா இருக்கணும்" என்று கேட்டார்கள். நான் இந்த மும்பைக்கு வந்து இருபத்தாறு வருஷமாக எண்களோடு மல்லுக்கட்டுகிறவன். எண்களை வாங்கி, கணினியிடம் கொடுத்து, படமாக வரைந்து மேலதிகாரிகளிடம் நீட்டுவதுதான் பிழைப்பு. இதில் மலருக்கு எழுத என்ன இருக்கிறது என்று முதலில் தயங்கினேன். பிறகு 2024இல் நம் சங்கப் பொதுக்குழுவில் நானே போட்டுக் காட்டிய ஒரு படமும், அது செய்யப் பார்த்த காரியமும் நினைவுக்கு வந்தன. அன்று கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்காக என் தவறை நானே முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அதிலேயே பாடமும் இருக்கிறது.

பொதுக்குழுவில் ஒரு படம்

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு இரண்டு இடங்களில் நடக்கிறது. முதலில் தொடங்கியது முலுண்ட். பின்னால் வந்தது செம்பூர். இரண்டு இடத்துக்கும் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. ஒன்றை மூடிவிட்டுப் பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்த்துவிடலாமா என்று ஒரு பேச்சு கிளம்பியது. செயலாளர் வருகைப் பதிவேடுகளை என்னிடம் கொடுத்து, "ஒரு கிராப் போட்டுட்டு வாங்க சார், பாத்த உடனே எல்லாருக்கும் புரியட்டும்" என்றார்.

பதிவேட்டில் இருந்த கணக்கு இதுதான். 2016-17 முதல் 2019-20 வரை முலுண்டில் முறையே 58, 57, 57, 56 பிள்ளைகள். செம்பூரில் 50, 51, 51, 52. கொரோனாவால் 2020-21, 2021-22 ஆகிய இரண்டு ஆண்டுகள் வகுப்பே நடக்கவில்லை. 2022-23இல் முலுண்ட் 52, செம்பூர் 54. 2023-24இல் முலுண்ட் 51, செம்பூர் 56.

நான் பைதான் மொழியில் பத்து வரி நிரல் எழுதினேன். இரண்டு கோடு வந்தது. ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. பெரிதாக்கித் திரையில் போட்டேன். கூட்டம் ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. இறங்கும் கோடு திரையின் உச்சியில் புறப்பட்டு, நடுவில் செங்குத்தாய்ச் சறுக்கி, கிட்டத்தட்டத் தரையைத் தொட்டு நின்றது. அந்த நிறத்துக்குப் பக்கத்தில் 'செம்பூர்' என்று எழுதியிருந்தது.

"இப்படியே போனா ரெண்டு வருஷத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க" என்றார் முன்வரிசையில் ஒருவர். "செம்பூரை மூடிட்டு முலுண்டுக்கு மாத்திடலாம்" என்றார் இன்னொருவர். செம்பூரிலிருந்து முலுண்டுக்குப் போவதென்றால் ஹார்பர் லைனில் ஏறி, குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி மறுபடி வண்டி மாற வேண்டும். எட்டு வயசுப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? பாதிப் பேர் நின்றுவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் படம் சொல்கிறதே! கை தூக்கச் சொல்லும் நேரம் வந்துவிட்டது.

அப்போதுதான் செம்பூர் வகுப்பு எடுக்கும் டீச்சரம்மா எழுந்தார். "எனக்கு இந்த கிராப்பெல்லாம் புரியலைங்க. ஆனா இந்த ஜூன்ல பாய் பத்தலைன்னு புதுசா நாலு பாய் வாங்கிப் போட்டிருக்கேன். பிள்ளைங்க கொறஞ்சா பாய் ஏன் பத்தாம போகுது?"

எனக்குச் சுருக்கென்றது. பதிவேட்டைப் புரட்டினேன். இறங்கியது செம்பூர் அல்ல, முலுண்ட். பெயர்கள் இடம் மாறியிருந்தன. அதோடு நிற்கவில்லை. அந்த இறக்கமும் கண்ணுக்குத் தெரிந்த அளவு பெரிதல்ல: ஏழு ஆண்டில் ஏழு பிள்ளைகள். இரண்டு இடத்தையும் கூட்டிப் பார்த்தால் 2016-17இல் 108, 2023-24இல் 107. மொத்தத்தில் குறைந்தது ஒரே ஒரு பிள்ளை! இதற்காகத்தான் ஒரு வகுப்பையே மூடப் பார்த்தோம்.

எண்களில் ஒரு தப்பும் இல்லை. கோடுகளும் சரியான புள்ளிகள் வழியாகத்தான் போயின. தப்பு முழுதும் கோட்டைச் சுற்றி இருந்தவற்றில். ஒய் அச்சு, எக்ஸ் அச்சு, ஆங்கிலத்தில் லெஜெண்ட் என்கிற குறிவிளக்கம் ஆகிய மூன்றையும் நான் கணினியிடமே விட்டிருந்தேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒய் அச்சு: எங்கிருந்து தொடங்குகிறது?

நாம் பள்ளிக்கூடத்தில் கிராப் தாளில் வரைந்தபோது, வலது பக்க மூலையில் 'அளவுத்திட்டம்' என்று எழுதி, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலகு என்று குறித்தோம். அதை விட்டால் மதிப்பெண் போகும். அச்சு பூஜ்யத்தில் தொடங்காவிட்டால் அடியில் ஒரு நெளிவு போட்டுக் காட்டவேண்டும் என்றும் புள்ளியியல் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். கணினிக்கு அந்த வாத்தியார் கிடைக்கவில்லை.

நான் பயன்படுத்திய வரைபட நூலகத்தின் பெயர் மேட்பிளாட்லிப். ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளைத் திரையில் பார்ப்பதற்காக எழுதத் தொடங்கி, 2003இல் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தது. அவர் 2012இல் காலமானார். உலகம் முழுக்க விஞ்ஞானிகள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கோட்டுப் படம் வரையும்போது அது, எண்களில் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் பார்த்து, மேலும் கீழும் 5 சதவீதம் இடம் விட்டு அச்சை அமைத்துக்கொள்ளும். என் எண்கள் 50 முதல் 58 வரை. ஆகவே அச்சு 49.6இல் தொடங்கி 58.4இல் முடிந்தது. மொத்த உயரமே ஒன்பது பிள்ளைகள்கூட இல்லை. அதில் ஏழு பிள்ளைகள் குறைந்தால் உச்சியிலிருந்து தரைக்கு விழுந்த மாதிரித்தானே தெரியும்?

இதற்கு மருந்து ஒரே வரி. 'செட்_ஒய்லிம்' என்ற கட்டளையில் அடி எல்லை பூஜ்யம் என்று சொல்லிவிட்டால் போதும். (இந்தக் கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும்; இங்கே ஒலியை மட்டும் தருகிறேன்.) பூஜ்யத்திலிருந்து வரைந்தபோது இரண்டு கோடும் படத்தின் மேல்பகுதியில் அருகருகே, லேசான சரிவோடு போயின. யாரும் பதறமாட்டார்கள்.

அப்படியானால் எப்போதும் பூஜ்யத்தில்தான் தொடங்கவேண்டுமா? இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் உடல் வெப்பத்தைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் 98.6 டிகிரியும் 104 டிகிரியும் ஒன்றுபோலத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய நேரத்தில் சும்மா உட்கார்ந்திருப்போம். அங்கே குறுகிய அச்சுதான் சரி. பட்டைப் படத்தில் மட்டும் விதிவிலக்கு கிடையாது. அதில் கண் பார்ப்பது பட்டையின் நீளத்தை. அடியை வெட்டினால் நீளமே பொய்யாகிவிடும். கோட்டுப் படத்தில், எவ்வளவு மாற்றம் உண்மையில் பெரிய மாற்றம் என்பதை நாம்தான் தீர்மானிக்கவேண்டும். ஐம்பது பிள்ளைகளில் ஒருவர் இருவர் கூடுவதும் குறைவதும் எந்த வகுப்பிலும் நடப்பது. அதைக் கணினி அறியாது.

எண்ணை எழுதும் முறையிலும் ஒரு வம்பு உண்டு. நம் பொருளாளருக்காக வைப்புநிதிப் படம் ஒன்று போட்டேன். பன்னிரண்டு லட்சத்திலிருந்து பதினைந்து லட்சம். அச்சில் 1.2, 1.3, 1.4, 1.5 என்று வந்து, மேல் மூலையில் பொடி எழுத்தில் '1ஈ6' என்று ஒட்டிக்கொண்டிருந்தது. "பத்து லட்சத்தால் பெருக்கிக்கொள்" என்று அதற்கு அர்த்தம். பொருளாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "என்ன சார், சங்கத்துக்கிட்ட ஒண்ணரை ரூபாதான் இருக்கா?" என்றார். 'டிக்லேபிள்_ஃபார்மட்' கட்டளையில் 'ப்ளெயின்' பாணி கேட்டால் முழு எண் வரும். அதிலும் நம் வழக்கப்படி 15,00,000 என்று கால்புள்ளி வேண்டுமென்றால், எண்ணை வாங்கி நம் வழக்கத்தில் எழுதித் தரும் சிறு செயற்கூறு ஒன்றை நாமே எழுதி, 'ஃபங்க்ஃபார்மட்டர்' வழியாக அச்சுக்குக் கொடுக்கவேண்டும். அதற்குப் பழகிய முறை மேல்நாட்டு மில்லியன். நமக்குப் பழகியது லட்சம்.

எக்ஸ் அச்சு: காணாமல் போன இரண்டு ஆண்டுகள்

என் படத்தில் நடுவே ஒரு செங்குத்தான சறுக்கல் இருந்தது என்றேனே, அது எக்ஸ் அச்சு செய்த வேலை. பதிவேட்டில் ஆண்டுகள் '2016-17' என்று இருந்தன. நமக்கு இது காலம். கணினிக்கு இது வெறும் எழுத்து, 'இட்லி', 'தோசை' மாதிரி. எழுத்தைக் கொடுத்தால் மேட்பிளாட்லிப் அவற்றை வந்த வரிசையில், சம இடைவெளி விட்டு அடுக்கிவிடும். எனவே 2019-20க்கும் 2022-23க்கும் இடையே இருக்கும் மூன்று ஆண்டு தூரம், ஓராண்டு தூரமாகச் சுருங்கியது. மூன்று ஆண்டில், அதுவும் ஒரு பெருந்தொற்று கடந்து, 56 பேர் 52 ஆனது, ஒரே ஆண்டில் சரிந்ததுபோல் நின்றது.

ஆண்டை எண்ணாக மாற்றி 2016, 2017 என்று கொடுத்தால் இடைவெளி தானே சரியாகும். அதன்பிறகும் கோடு 2019இலிருந்து 2022க்கு நேராகப் பாயும். இடையிலும் வகுப்பு நடந்தது என்று பார்ப்பவர் நினைப்பார். நடக்காத இரண்டு ஆண்டுகளுக்கும் 'மதிப்பில்லை' என்று குறித்துவிட்டால் கோடு அங்கே அறுந்து நிற்கும். அறுந்த கோடுதான் அங்கே உண்மை. அந்த இடத்தில் பூஜ்யம் போடக்கூடாது. வகுப்பு நடந்து ஒருவரும் வராமல் இருப்பது வேறு, வகுப்பே நடக்காமல் இருப்பது வேறு.

ஆண்டை எண்ணாக்கியதும் இன்னொரு வேடிக்கை நடக்கலாம். அச்சில் 2016.5, 2017.5 என்று அரை ஆண்டுகள் முளைக்கும். ஒய் அச்சில் 52.5 பிள்ளைகள் என்றும் வரும். அரைப் பிள்ளை எங்கே இருக்கிறது? 'மேக்ஸ்என்லொகேட்டர்' என்பதிடம் முழு எண் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டால் இது தீரும்.

தேதிகளிலும் நம்மவர்கள் கவனமாக இருக்கவேண்டும். நாம் 04/06 என்று எழுதினால் ஜூன் நான்கு. பாண்டாஸ் என்ற அட்டவணை நூலகம் அதை அமெரிக்க வழக்கப்படி ஏப்ரல் ஆறு என்று படிக்கும். 'டேஃபர்ஸ்ட்' என்று சொன்னால்தான் முதலில் இருப்பது தேதி என்று எடுத்துக்கொள்ளும். அப்பாவுக்குச் சர்க்கரை அளவு எழுதி வைத்துப் படம் போடுகிற பிள்ளைகள் நம்மில் நிறைய பேர் உண்டு. தேதி புரண்டால் மாத்திரை மாற்றியதற்கு முன்னால் எது, பின்னால் எது என்பதே புரண்டுவிடும். தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஈப்போல மொய்த்தால், 'ஆட்டோஎஃப்எம்டி_எக்ஸ்டேட்' என்ற கட்டளை அவற்றைச் சாய்த்துப் படிக்கும்படி வைக்கும். அப்படியும் நெரிசல் தீராவிட்டால், தேதிகள் இன்னும் எழுத்தாகவே இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்து ஒவ்வொன்றையும் கணினி அச்சில் எழுதியே தீரும். உண்மையான தேதி என்று புரிந்துகொண்டால் தேவையானவற்றை மட்டும் எழுதும்.

குறிவிளக்கம்: பெயர் மாறிய கதை

இப்போது மிகப் பெரிய தவறுக்கு வருகிறேன். குறிவிளக்கம் என்பது எந்த நிறம் யாருடையது என்று சொல்லும் சின்னப் பெட்டி. இதை இரண்டு விதமாக எழுதலாம். ஒவ்வொரு கோட்டை வரையும்போதே 'லேபிள்' என்று அதன் பெயரைச் சேர்த்துச் சொல்லலாம். அல்லது எல்லாக் கோடுகளையும் வரைந்துவிட்டு, கடைசியில் 'லெஜெண்ட்' கட்டளைக்குப் பெயர்ப் பட்டியல் மட்டும் கொடுக்கலாம். நான் சோம்பேறித்தனமாக இரண்டாவதைச் செய்தேன். வகுப்புகள் தொடங்கிய வரிசையில் முலுண்ட், செம்பூர் என்று பட்டியல் எழுதினேன். அட்டவணையைப் பிரித்துக்கொடுத்த நிரலோ ஆங்கில அகரவரிசையில் செம்பூரை முதலில் வரைந்திருந்தது. பட்டியலின் முதல் பெயர் முதல் கோட்டுக்கு, இரண்டாவது பெயர் இரண்டாவது கோட்டுக்கு. கணினி சொன்னதைச் செய்தது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. கல்யாண வீட்டில் மொய்க்கவர் மாறின மாதிரிதான். பணம் சரியாக இருக்கும், பெயர் மாறிப்போயிருக்கும்.

ஆகவே நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள்: பெயரைக் கோட்டோடு சேர்த்தே பிறக்க விடுங்கள். பின்னால் ஒட்டவைக்காதீர்கள்.

அடுத்தது பெட்டி எங்கே உட்காருகிறது என்பது. இடம் சொல்லாவிட்டால் அது ஒன்பது இடங்களில் எங்கே உட்கார்ந்தால் கோடுகள் குறைவாக மறையும் என்று பார்த்து உட்காரும். நான் அதிகப்பிரசங்கியாக மேல் வலது மூலை என்று கட்டாயப்படுத்தி, பின்வரிசைக்கும் தெரியட்டுமென்று எழுத்தையும் பெரிதாக்கினேன். விளைவு, செம்பூர் 56க்கு ஏறிய கடைசிப் புள்ளி பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பெட்டியைப் படத்துக்கு வெளியே வைப்பதும் உண்டு. 'பிபாக்ஸ்_டு_ஆங்கர்' என்பதில் படத்தின் அகலத்தை 1 என்று கொண்டு, 1.02 என்று கொடுத்தால் வலப்புறம் வெளியே போய் நிற்கும். ஆனால் கோப்பாகச் சேமிக்கும்போது வெளியே நிற்கும் பெட்டி பாதி வெட்டுப்படும். சேமிக்கும் கட்டளையில் 'பிபாக்ஸ்_இன்ச்சஸ்' என்பதற்கு 'டைட்' என்று கொடுத்தால் முழுதும் வரும்.

ஒரே படத்தில் இடது பக்கம் ஓர் அச்சும் வலது பக்கம் ஓர் அச்சும் வைப்பவர்கள் (பிள்ளைகள் எண்ணிக்கை ஒரு பக்கம், வாடகை மறுபக்கம் என்பதுபோல்) கவனிக்கவேண்டிய ஒன்று: குறிவிளக்கம் தன் பக்கத்துக் கோடுகளைத்தான் காட்டும். இரண்டு பக்கத்துப் பெயர்களையும் நாமே திரட்டி ஒரே பெட்டிக்குக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பெயரில்லாத கோடு ஒன்று அநாதையாக நிற்கும்.

நிறத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. திரையில் நீலமும் ஆரஞ்சுமாய் ஜொலித்த என் கோடுகள், செயலாளர் ஜெராக்ஸ் எடுத்து விநியோகித்த தாளில் இரண்டும் ஒரே சாம்பல். நம் மலரே உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளைதானே! ஒன்றைத் தொடர்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் போட்டால் எந்தத் தாளிலும் பிழைக்கும்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி, பெட்டியே இல்லாமல் கோட்டின் முனையிலேயே பெயரை எழுதிவிடுவது. இது புதிதல்ல. 1786இல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கிலாந்தின் வணிகக் கணக்கைக் கோடுகளாக வரைந்து புத்தகமாகப் போட்டார். டென்மார்க், நார்வேயோடு நடந்த வணிகத்தைக் காட்டும் அவருடைய புகழ்பெற்ற படத்தில் இறக்குமதிக் கோட்டின் மேலேயே 'இறக்குமதி', ஏற்றுமதிக் கோட்டின் மேலேயே 'ஏற்றுமதி' என்று எழுதியிருப்பார். கண் கோட்டுக்கும் பெட்டிக்கும் அலையவேண்டியதில்லை. பெயர் மாறவும் வாய்ப்பு குறைவு.

தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாக வருகிறதே!

செம்பூர், முலுண்ட் என்று தமிழிலேயே எழுத ஆசைப்பட்டேன். வந்தது வரிசையாக வெற்றுக் கட்டங்கள். அந்த நூலகத்தோடு வரும் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை. தமிழ் எழுத்துரு ஒன்றின் பெயரைச் சொன்னால் கட்டம் மறையும். ஆனால் என் கணினியில் இருந்த பதிப்பில் அப்போதும் முழு நிம்மதி இல்லை. 'செ' என்பதன் கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நின்றது! எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் வேலையை அது செய்யவில்லை. நான் கண்ட வழி, படத்தை எஸ்விஜி வகைக் கோப்பாகச் சேமித்து, எழுத்தை எழுத்தாகவே விடச் சொல்வது. 'எஸ்விஜி.ஃபான்ட்டைப்' என்ற அமைப்பில் 'நன்' என்று கொடுத்தால், எழுத்தை வரையும் பொறுப்பு கோப்பைத் திறக்கும் உலாவிக்குப் போகும். உலாவிக்குத் தமிழ் கோக்கத் தெரியும். கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும்.

ஐந்து கேள்விகள்

நிரல் எழுதாதவர்களும் தினம் நூறு படங்களைப் பார்க்கிறோம். தேர்தல் கணிப்பு, பங்குச் சந்தை, பிள்ளையின் மதிப்பெண் என்று எல்லாமே கோடு. நம்புவதற்குமுன் இந்த ஐந்தைக் கேளுங்கள்:

1. ஒய் அச்சு எந்த எண்ணில் தொடங்குகிறது?
2. எக்ஸ் அச்சில் இடைவெளிகள் உண்மையான கால இடைவெளிகளா, ஏதேனும் விடுபட்டிருக்கிறதா?
3. எண்களுக்கு அலகு என்ன? ஆளா, ரூபாயா, லட்சமா?
4. எந்தக் கோடு யாருடையது? ஒரு புள்ளியையாவது மூலக் கணக்கோடு ஒப்பிட்டாயிற்றா?
5. குறிவிளக்கப் பெட்டி எதையாவது மறைக்கிறதா?

நான்காவது கேள்விக்கு அன்று அரை நிமிஷம் செலவழித்திருந்தால் எனக்குத் தலைகுனிவு இல்லை. படத்தின் கடைசிப் புள்ளியையும் பதிவேட்டின் கடைசி வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

அன்று பொதுக்குழுவில் நான் எழுந்து மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரம் திருத்திய படத்தைக் கொண்டுபோனேன். பூஜ்யத்தில் தொடங்கும் அச்சு, நடுவில் அறுந்த கோடு, முனையில் பெயர். அதைப் பார்த்த பிறகு மூடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. முலுண்டில் ஏன் ஏழு பேர் குறைந்தார்கள் என்று பேசினார்கள். அதுதான் முதலிலேயே கேட்டிருக்கவேண்டிய கேள்வி. வகுப்பு நேரமும் டியூஷன் நேரமும் மோதுகின்றன என்று பெற்றோர்கள் சொன்னார்கள், நேரத்தை மாற்றினோம்.

இரண்டு வகுப்பும் நடக்கிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு ஞாயிறு நான் வரைபடம் சொல்லித்தருகிறேன். முதல் நாள் கணினியைத் திறக்க விடுவதில்லை. கிராப் தாளும் பென்சிலும்தான். அளவுத்திட்டம் எழுதாதவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.